பன்னிரண்டு மாதமும் கைகொடுக்கும் உடுப்பு



தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பிள்ளைக் காம்பராவில் கூடிய மாதர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பிக் கேட்ட கேள்வியோடு இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம்.

"ஐயா, வருசா வருசம் தீவாளி முற்பணத்துல பாதி துணிக்கடைக்குத்தான் போகுது. பெட்டி நெறைய உடுப்பு கெடக்கு. ஆனா மகளுக்கு டவுன்ல தொழிற்பயிற்சி வகுப்பு கெடைச்சு, மொத நாள் வரச் சொன்னாங்க. போட்டுக்கிட்டுப் போக உடுப்பு இல்லன்னு அழுவுது. இது என்னங்க ஐயா கணக்கு?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளை முதல் இரண்டு நாளும் வகுப்புக்குப் போகவேயில்லை. ஒரு உடுப்பு இல்லாமல் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்கப் பார்த்தது. இதைச் சிரித்து விட்டுவிட எங்களால் முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் பெட்டியைத் திறந்து, கடந்த மூன்று தீபாவளிக்கு வீட்டுப் பெண்களுக்கு எடுத்த உடுப்பு எத்தனை, அவற்றை எத்தனை தடவை உடுத்தினார்கள் என்று எண்ணி வரும்படி சொன்னோம். அந்தத் தாய் எண்ணி வந்தார். மணி தைத்த வலைத்துணிக் கவுன் ஒன்று: இரண்டு தடவை. கையில்லாத பளபளப்புச் சட்டை ஒன்று: மூன்று தடவை. கனமான ஜரிகைச் சேலை ஒன்று: ஒரே ஒரு தடவை. ஆனால் நாலு வருசத்துக்கு முன் எடுத்த, சின்னப் பூப்போட்ட ஒரு சாதாரணக் கவுனைத்தான் மகள் மழைக்கும் வெயிலுக்கும் போட்டுப் போட்டு, நிறம் போய், முழங்கை கிழிந்து கிடந்ததாம்.

அந்தப் பழைய கவுனில் அப்படி என்ன இருந்தது? அதுதான் இன்றைய பாடம்.

1. முதலில் நமது காலநிலையை அறிவோம்

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அப்போது ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளில் விடாத மழையும் பனிமூட்டமும். அதே காலத்தில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் வறண்ட காற்று அடிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது ஊவாப் பக்கம் மழை அதிகம். மேற்குப் பக்கத்து மலைகளில் பின்னர் வானம் தெளிந்து, இரவில் கடுங்குளிர் இறங்கும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லிலும் கொழுந்திலும் உறைபனி படிவதை எல்லோரும் கண்டிருப்போம். இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் வரும் மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலையில் வெயில், பின்னேரம் இடிமழை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பம் கிட்டத்தட்ட 16 பாகை செல்சியஸ். கொழும்பில் அது 27 பாகையளவு. 100 மீற்றர் மேலே ஏற ஏற சுமார் 0.65 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் நுவரெலியாவில் குளிரான மாதத்தின் சராசரிக்கும் சூடான மாதத்தின் சராசரிக்கும் மூன்று, நான்கு பாகைதான் வித்தியாசம். ஜனவரியில் ஒரே நாளில் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் பார்த்தால் பத்துப் பாகைக்கு மேலே வித்தியாசம் வரும்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? வெள்ளைக்காரர் நாட்டைப் போல குளிர் காலத்துக்கு ஒரு பெட்டி, வெயில் காலத்துக்கு ஒரு பெட்டி என்று நமக்குத் தேவையில்லை. நம் மலையில் ஒரு நாளுக்குள்ளேயே நாலு காலமும் வந்து போகும். காலை ஆறு மணிக்குக் குளிர், பத்து மணிக்கு வெயில், மூன்று மணிக்கு மழை, ராத்திரி திரும்பக் குளிர். ஆகவே நமக்கு வேண்டியது நடுத்தரமான ஒரு உடுப்பும், அதன் மேலே போடவும் கழற்றவும் கூடிய ஒன்றிரண்டு மேலுடுப்புகளும்தான்.

உடம்புக்குச் சூடு கொடுப்பது துணி அல்ல, துணிக்குள் அடங்கி நிற்கும் காற்று. அதனால்தான் ஒரு தடித்த உடுப்பைவிட இரண்டு மெல்லிய உடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடச் சூடு தரும். வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றிப் பையில் வைக்கலாம். தடித்த ஒற்றை உடுப்பை வழியில் கழற்ற முடியுமா?

2. துணியைத் தெரிந்து வாங்குவோம்

கடைக்காரர் "நல்ல துணி, ஒரிஜினல்" என்பார். அது போதாது. எந்தத் துணி என்று கேளுங்கள்.

பருத்தி: தோலுக்கு இதமானது, வேர்வையை உறிஞ்சும். வெயிலுக்கும் இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துப் புழுக்கத்துக்கும் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாளானாலும் காயாது.

பொலியெஸ்டர்: தண்ணீரை உறிஞ்சாது என்றே சொல்லலாம். சீக்கிரம் காயும், கசங்காது, நிறம் போகாது. ஆனால் வேர்வை உள்ளே நின்று பிசுபிசுக்கும். நெருப்புப் பட்டால் உருகும்.

கலப்புத் துணி: பொலியெஸ்டரும் பருத்தியும் கலந்து நெய்தது. 65 வீதம் பொலியெஸ்டர், 35 வீதம் பருத்தி என்பது பழக்கமான ஒரு கலவை. பருத்தியை விடச் சீக்கிரம் காயும், தனிப் பொலியெஸ்டரைப் போல உடம்பைப் புழுக்காது. அந்தப் பழைய பூப்போட்ட கவுன் இந்த வகைதான். மலைநாட்டில் வருசம் முழுவதும் பாவிக்கக் கூடிய உடுப்புக்கு முதலிடம் இதற்கே.

ரேயோன்: மெத்தென்று தொங்கும், பார்வைக்கு அழகு. ஆனால் நனைந்தால் நூலின் பலம் குறைந்துவிடும். கல்லில் அடித்துத் துவைப்பவர்களுக்கு ஏற்றதல்ல.

கம்பளி: ஆட்டு உரோமத்தால் ஆனது, கொஞ்சம் ஈரமானாலும் சூடு தரும். ஆனால் இன்று கடைகளில் தொங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூலில் பின்னியவை. விலை குறைவு, சீக்கிரம் காயும், சூடும் தரும். அக்ரிலிக்கும் நெருப்புக்கு ஆகாது.

எந்தத் துணி என்று சந்தேகமானால் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மடிப்பின் உள்ளேயிருந்து இரண்டு அங்குல நூலை உருவுங்கள். தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்கு மேலே, இடுக்கியால் பிடித்து, பெரியவர் ஒருவர் நெருப்புக் காட்ட வேணும். கடதாசி போல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது ரேயோன். சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணி போல நின்றால் பொலியெஸ்டர் போன்ற செயற்கை நூல். தலைமயிர் கருகும் வாடை வந்தால் கம்பளி அல்லது பட்டு. கலப்புத் துணியில் எரிவதும் உருகுவதும் சேர்ந்து நடக்கும்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய இரண்டு சோதனைகளும் உண்டு. துணியின் ஒரு மூலையைக் கைக்குள் இறுக்கிப் பொத்தி, பத்து எண்ணி விடுங்கள். சுருக்கம் உடனே மறைந்தால் இஸ்திரிக்கை இல்லாமலே உடுத்தலாம். பிறகு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உங்கள் கைவிரல்கள் தெளிவாகத் தெரிந்தால், நனைந்தபோது உடம்பும் தெரியும். மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைக்கு அது எவ்வளவு சங்கடம் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

3. தைக்கக் கொடுக்கும்போது

அளவையும் அமைப்பையும் பற்றிச் சொல்லித் தந்தவர் எங்கள் சொந்தத் தங்கச்சி. பதினைந்து வருசத்துக்கு மேலாகத் தையல் மெசினில் உட்கார்ந்திருப்பவர். அவர் சொன்னவை இவை:

கை: முழங்கைக்குக் கீழே வரும் முக்கால் கை. வெயிலில் மடித்து விடலாம், குளிரில் இறக்கி விடலாம். கையில்லாத சட்டையை மலையில் வருசத்தில் எத்தனை நாள் போடலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

நீளம்: முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில். நிலம் கூட்டும் நீளமானால் லயத்துப் பாதையில் சேறு அள்ளும், அட்டை ஏறினாலும் தெரியாது.

தளர்வு: உள்ளே ஒரு பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர் போடக்கூடிய அளவு. உடம்போடு ஒட்டித் தைத்தால் காற்று நிற்க இடமில்லை, குளிர்தான் ஏறும்.

உள்மடிப்பு: வளரும் பிள்ளைக்குப் பக்கத் தையலில் ஒரு அங்குலமும், கீழ் மடிப்பில் மூன்று அங்குலமும் விடச் சொல்லுங்கள். இரண்டு வருசம் பிரித்துப் பிரித்து விடலாம்.

நிறம்: நடுத்தரக் கடும் நிறம், சின்னப் பூ. தேயிலைக் கறையும் சேறும் இதில் எடுத்துத் தெரியாது. கோயிலுக்கும் போடலாம், கந்தோருக்கும் போடலாம். பால் கொடுக்கும் தாய்க்கு முன்பக்கம் பொத்தான் வைத்துத் தைப்பது நல்லது.

இன்னொன்று: பருத்தியோ கலப்போ, துணியை வாங்கியதும் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். சுருங்குவது முதலிலேயே சுருங்கிவிடும். தைத்த பிறகு சுருங்கினால் தையல்காரரைக் குறை சொல்லிப் பலனில்லை.

4. அடுப்பும் உடுப்பும்

இந்தப் பகுதியை எழுதுவது எங்களுக்குச் சுலபமல்ல. ஆனால் எழுதாமல் விட்டால் பாடம் முழுமையாகாது.

நாங்கள் முதன்முதலில் சம்பளம் எடுத்த வருசம், தங்கச்சிக்குத் தீபாவளிப் பரிசாக ஒரு நைலோன் சால்வை வாங்கிக் கொடுத்தோம். ரோஜா நிறம். பார்க்க அவ்வளவு அழகு. அவர் அதைக் கழுத்திலிருந்து எடுக்கவேயில்லை. இரண்டு கிழமை கழித்து, ஈர விறகோடு அடுப்பை ஊதக் குனிந்தபோது சால்வையின் நுனி நெருப்பில் விழுந்தது. துணி எரிந்தது மட்டுமல்ல, உருகி முன்கையில் ஒட்டிக்கொண்டது. வீட்டிலிருந்தவர்கள் பதறி அதைப் பிய்த்து இழுத்தார்கள். தோலும் சேர்ந்து வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். இன்றைக்கும் அவர் முக்கால் கைச் சட்டைதான் போடுவார். தழும்பை மறைக்கத்தான்.

துணியைப் பற்றி அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்குச் சொல்கிறோம்.

• அடுப்படியில் சால்வை, துப்பட்டா, தொங்கும் கை வேண்டாம். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.
• வீட்டு வேலைக்குப் பருத்தியே நல்லது. பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. பொங்கு வைத்த பிளனல் துணி சூடு தரும், ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். அதோடு அடுப்புக்குப் போக வேண்டாம்.
• தொழிற்சாலையில் வேலை செய்யும் சகோதரிகள் மெசினுக்குப் பக்கத்தில் சால்வையோ தொங்கும் துணியோ போடவே கூடாது.
• மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் துணி காயப்போட வேண்டாம்.
• உடுப்பில் நெருப்புப் பிடித்தால் ஓடக் கூடாது. நிலத்தில் படுத்து உருள வேணும். மற்றவர்கள் தடித்த கம்பளிப் போர்வையால் மூடி அணைக்கலாம். பிறகு சுத்தமான ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விட வேணும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூச வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

5. உண்மையான விலை எது?

உடுப்பின் விலை என்பது கடைச்சிட்டையில் எழுதியிருப்பது மட்டுமல்ல. விலையை உடுத்தும் தடவைகளால் பிரித்துப் பாருங்கள். ஒரு உதாரணம் சொல்கிறோம்.

மணி தைத்த கவுன் 7,500 ரூபா என்று வைப்போம். இரண்டு வருசத்தில் 5 தடவை உடுத்தினால், ஒரு தடவைக்கு 1,500 ரூபா. கலப்புத் துணியில் தைத்த கவுன், தையல் கூலியோடு 3,600 ரூபா என்று வைப்போம். கிழமைக்கு இரண்டு தடவை என்று ஒரு வருசத்தில் 100 தடவை உடுத்தினால், ஒரு தடவைக்கு 36 ரூபா. எது மலிவு?

பண்டிகைக்கு நல்ல உடுப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வருசம் முழுக்க மலையில் உழைக்கும் குடும்பத்துக்கு ஒரு நாள் சந்தோசம் வேணும்தானே. ஆனால் தீபாவளி வருவது ஒக்டோபர், நவம்பர் மழையில். அதன் பின்னே நத்தார், தைப்பொங்கல் குளிரில். சித்திரைப் புத்தாண்டு வெயிலில். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண வீடு என்று இன்னும் எத்தனையோ. தீபாவளிக்கு எடுக்கும் உடுப்பு இத்தனைக்கும் பொருந்துமா என்று கடையில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். பூப்போட்ட ஒரு கவுன் அல்லது சுரிதார், ஒத்துப்போகும் ஒரே நிற ஸ்வெட்டர். ஜனவரியில் ஸ்வெட்டரோடு, ஏப்ரலில் ஸ்வெட்டர் இல்லாமல். உடுப்பு ஒன்றுதான், பார்வைக்கு இரண்டு.

பொட்டணி வியாபாரியிடம் கடனுக்கு எடுப்பவர்கள், மாதக் காசை மட்டும் கேட்காமல், எத்தனை மாதம், கடைசியில் மொத்தம் எவ்வளவு என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

6. பாதுகாத்தல்

ஈர உடுப்பால் தடிமன் வருகிறது என்று சொல்வோம். தடிமனுக்குக் காரணம் கிருமிதான். ஆனால் ஈர உடுப்பு உடம்பின் சூட்டை இழுத்துவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே நனைந்து வந்தால் முதல் வேலை, உடுப்பை மாற்றுவது. தேத்தண்ணி அதற்குப் பிறகு.

காயாத உடுப்பை உடுத்தினால் தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை வரும். ஈரம் சுவறக் கூடிய தடித்த துவாயில் உடுப்பைச் சுருட்டி முறுக்கிப் பிழிந்தால் பாதி ஈரம் போய்விடும் (ரேயோனையும் கம்பளியையும் முறுக்காமல் அமுக்க வேணும்). பிறகு இஸ்தோப்பில் காற்றுப் படும் இடத்தில் உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போடுங்கள். ஸ்வெட்டரைக் கயிற்றில் தொங்கவிட்டால் இழுபட்டு நீளும், விரித்துக் காயவிடுங்கள். பூச்சி உருண்டை வைப்பதானால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத பெட்டியில் மட்டும்.

பழசான உடுப்பையும் எறிய வேண்டாம். வெளியே போகப் போட்டது வீட்டுக்கு, வீட்டுக்குப் போட்டது மலைக்கு, மலைக்குப் போட்டது கரித்துணிக்கு. நம் தாய்மார் செய்து வந்த கணக்கு இது.

7. வீட்டில் செய்து பாருங்கள்

• கடந்த மூன்று தீபாவளிக்கு எடுத்த உடுப்புகள் எத்தனை? ஒவ்வொன்றையும் எத்தனை தடவை உடுத்தினீர்கள்? ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகிறது?
• வீட்டில் அதிகம் உடுத்தும் ஒரு உடுப்பை எடுத்து, அதன் துணி, கை, நீளம், நிறம் ஆகியவற்றை எழுதுங்கள். அடுத்ததை வாங்கும்போது அந்தக் கடதாசியைக் கையில் கொண்டு போங்கள்.
• அடுப்படிக்குப் போடும் உடுப்பில் உருகும் துணி எது என்று நூலைச் சோதித்துக் கண்டுபிடியுங்கள்.
• மகளுக்கு நாளைக் காலை திடீரென்று ஒரு நேர்முகத்துக்கோ வகுப்புக்கோ அழைப்பு வந்தால், போட ஒரு உடுப்பு தயாராக இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு "இருக்கு" என்று பதில் சொல்ல முடிந்தால், இந்தப் பாடம் உங்களுக்குப் பயன்பட்டதாக நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி கேட்ட அந்தத் தாயைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. அந்த வருசத் தீபாவளிக்கு அவர் மகளுக்கு எடுத்தது இரண்டு கவுன் துணி, கடும் நீலத்தில் ஒரு ஸ்வெட்டர். எங்கள் தங்கச்சிதான் தைத்துக் கொடுத்தார். வகுப்பு ஆசிரியரிடம் நாங்களும் போய் நடந்ததைச் சொன்னோம், அவர் பெரிய மனதோடு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார். போன மாதம் ஒரு மழை நாளில், பஸ் நிறுத்தத்தில் அந்தப் பிள்ளையைக் கண்டோம். பூப்போட்ட கவுன், நீல ஸ்வெட்டர், கையில் குடை. "வகுப்புக்கா பிள்ள?" என்று கேட்டோம். "ஆமாங்க ஐயா, ஒரு நாளும் தவறல" என்றது.

அது போதும் எங்களுக்கு. இந்த வருசம் கடைக்குப் போகுமுன் உங்கள் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.